எட்டு மாஸ்ஃபெட்டுகளும் ஒரு கம்பெனியின் கதையும்

கடந்த சித்திரையில் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா, மகனின் பைக்கில் இன்வெர்ட்டரைக் கட்டிக்கொண்டு காட்பாடியில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். பதினைந்து நாட்களுக்கு முன்புதான் வேறோர் இடத்தில் அதைப் பழுது பார்த்திருக்கிறார்கள். நள்ளிரவில் கரண்ட் போனதும் வெடிச்சத்தம். பிறகு கூடம் முழுக்கப் புகை. பக்கத்தில் பாயில் பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. “ஒரிஜினல் சாமான் போட்டோம் என்றுதானே தம்பி காசு வாங்கினார்கள்?” என்றார்.

மூடியைத் திறந்தேன். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கில் எட்டு மாஸ்ஃபெட்டுகள், அதாவது பேட்டரி மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தும் மின்னணுச் சுவிட்சுகள், இரண்டு வரிசையாக இருந்தன. மூன்று வயிறு பிளந்து கருகிக் கிடந்தன. மிச்சமிருந்த ஐந்தின் மேலும் ஐஆர்எஃப் 3205 என்ற எண்ணும், ஐ என்ற எழுத்துக்கும் ஆர் என்ற எழுத்துக்கும் நடுவே வட்டத்துக்குள் டயோடுக் குறி போட்ட முத்திரையும் இருந்தன. அந்த வட்டத்தை ‘ஓ’ என்று எண்ணி “ஐஓஆர் கம்பெனி” என்றே பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். உண்மையில் அது இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் முத்திரை. வேலூர் மாவட்டத்தில் பல வீட்டு இன்வெர்ட்டர்களுக்குள் இருக்கும் இந்தப் பெயரின் கதை தெரிந்தால், அந்த அம்மா ஏமாந்தது எப்படி என்பதும் விளங்கும்.

வில்னியஸில் பிறந்து பெர்லினில் படித்த எரிக் லிடோ 1937-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். தந்தை லியோனுடன் சேர்ந்து 1947-இல் கலிபோர்னியாவில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் செலினியம் ரெக்டிஃபையர்தான் ஆரம்பகாலச் சரக்கு. பிறகு ஜெர்மேனியம், சிலிக்கான் என்று தொழில் வளர்ந்தது. 1912-ஆம் ஆண்டு மாடல் பேக்கர் மின்சாரக் கார் ஒன்றின் கூரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய மின்கலங்களைப் பதித்து 1960-இல் ஓட்டிக் காட்டியதும் இவர்கள்தான். கூரைச் சோலாருக்கு இன்று நாம் மானியம் கேட்டு வரிசையில் நிற்கும்போது எனக்கு அந்தக் கார் நினைவுக்கு வரும்.

பெரிய திருப்பம் 1979-இல் வந்த ஹெக்ஸ்ஃபெட் என்ற புதுவகை மாஸ்ஃபெட். எரிக்கின் மகன் அலெக்சாண்டர் லிடோ அதை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஒரே சிலிக்கான் சில்லில் ஆயிரக்கணக்கான அறுகோண அறைகளைத் தேன்கூடு போல அடுக்கி, எல்லாவற்றையும் இணையாக வேலை செய்ய வைத்தார்கள். அறைகள் கூடக் கூட, மின்சாரம் கடந்து போவதற்கான தடை குறைகிறது. தடை குறைந்தால் சூடும் குறைகிறது. வேலூர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் கிடக்கும் இன்வெர்ட்டருக்கு இதைவிட முக்கியமான குணம் வேறில்லை. சில்லின் பரப்புதான் இங்கே உயிர். போலி செய்கிறவன் திருடுவதும் அந்தப் பரப்பைத்தான்.

இனிக் குழப்பம் தொடங்கும் இடம். 2007-இல் இந்தக் கம்பெனி தன் தொழிலில் ஒரு பகுதியை விஷே நிறுவனத்துக்கு விற்றது. மீதிக் கம்பெனி முழுவதையும் ஜெர்மனியின் இன்ஃபினியான் ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு வாங்கியது. 2015 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. கம்பெனி போய்விட்டது, ஐஆர்எஃப் என்ற எண் வரிசை மட்டும் நிலைத்துவிட்டது. ஐஆர்எஃப் 540 இன்று விஷேயின் சரக்கு. கடைசியில் ‘என்’ சேர்ந்த ஐஆர்எஃப் 540என் இன்ஃபினியானின் சரக்கு. ஓர் எழுத்துத்தானே என்று கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் முதலாவதின் தடை 77 மில்லி ஓம், இரண்டாவதின் தடை 44. இரண்டையும் ஒரே வரிசையில் கலந்து போட்டால் தடை குறைவாக உள்ள மாஸ்ஃபெட் அதிக மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். கம்பெனியே கைமாறிவிட்டதால், பழைய முத்திரை இல்லை என்பதாலேயே ஒரு மாஸ்ஃபெட் போலி ஆகிவிடாது. முத்திரை இருக்கிறது என்பதாலேயே அசலும் ஆகிவிடாது. “ஐஆர் போட்டிருக்கிறது, நம்பி வாங்குங்கள்” என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

குடியாத்தத்து இன்வெர்ட்டருக்கு வருகிறேன். எரியாத ஒன்றைக் கழற்றி, அதை இயக்கும் ‘கேட்’ என்ற காலில் 10 வோல்ட் கொடுத்து, 10 ஆம்பியரை அதன் வழியே விட்டேன். அசல் 3205-இன் தடை 8 மில்லி ஓமுக்கு மேல் போகக் கூடாது. அப்படியென்றால் மீட்டர் 80 மில்லி வோல்ட்டைத் தாண்டக் கூடாது. காட்டியதோ 220. தலா 20 ஆம்பியர் ஓடும்போது அசலில் 3.2 வாட் சூடாகிறது என்றால் இதில் 8.8 வாட். பஞ்சில் அசிட்டோன் நனைத்து முகப்பைத் தேய்த்தேன்; கறுப்புப் பூச்சு பஞ்சோடு வந்தது, அடியில் வேறோர் எண்ணின் மங்கலான தடம். கட்டிங் பிளேயரால் உடைத்துப் பார்த்தால், செப்புத் தகட்டின் நடுவே அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு. அசலில் அது இதைவிட நன்றாகவே பெரிதாக இருக்கும்.

அதைவிட என்னைப் பதற வைத்தது பேட்டரி வயர். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கியிருந்தார்கள். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனதும் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி தன்னிடம் உள்ள முழு வேகத்தோடும் கொட்டித் தீர்க்கும். வீடு பிழைத்தது அந்த மாஸ்ஃபெட்டுகள் வெடித்துத் துண்டானதால் மட்டுமே.

இன்வெர்ட்டரைப் பழுதுக்குக் கொடுப்பவர்கள் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று போனால் அந்த வரிசையை மொத்தமாக, ஒரே தயாரிப்பு வாரக் குறியீடு உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். புது மாஸ்ஃபெட்டின் கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தால் அது குப்பையிலிருந்து கழற்றியது. ஃப்யூஸை மட்டும் நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு இன்வெர்ட்டரை எடுத்துப் போங்கள். தொழில் செய்யும் தம்பிமார்களுக்குத் தனியாக ஒன்று: அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கினால் விலை கூடத்தான் செய்யும்; அந்தக் கூடுதலை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். அந்த அம்மா மறுபேச்சின்றித் தந்தார்.

எட்டையும் மாற்றி, புது ஃப்யூஸ் போட்டு, இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓட விட்டேன். ஹீட் சிங்கில் கை வைத்தால் பொறுக்கிற சூடுதான். மூடும் முன் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: பாகத்தின் எண், தயாரித்த நிறுவனம், வாங்கிய இடம், தேதி. உடைத்த நொய்ச் சில்லை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கேட்டார் அந்த அம்மா. பழுது பார்த்தவரிடம் காட்ட வேண்டுமாம். கொடுத்தனுப்பினேன்.