பொறுப்பான பிள்ளையின் மனநலம்

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோரில் பெரும்பாலோர், படிப்பில் கவனமின்மை, கைப்பேசி, எதிர்த்துப் பேசுதல் ஆகியவற்றில் ஒன்றைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வீட்டில் யாருக்கும் தொந்தரவு தராத, சொல்லாமலே வேலைகளை எடுத்துச் செய்கிற, வயதுக்கு மீறிய பக்குவம் என்று உறவினர்கள் புகழ்கிற பிள்ளை பெரும்பாலும் வருவதே இல்லை. வந்தாலும், தீராத தலைவலிக்கோ வயிற்றுவலிக்கோ எல்லாப் பரிசோதனைகளும் செய்து முடித்து, உடலில் குறை ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர் அனுப்பி வைத்த பிறகுதான் வருகிறது. அந்தப் பிள்ளையின் பக்குவத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதே என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது.

பெற்றோரில் ஒருவர் நெடுநாள் நோயில் விழுவது, பிரிவு, குடிப்பழக்கம், கடன், ஓயாத சண்டை என்று ஏதோ ஒன்று வீட்டுக்குள் நுழையும்போது, பெரியவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப யாராவது முன்வர வேண்டியிருக்கிறது. அநேகமாக அது மூத்த பிள்ளையாகவோ, மற்றவர் மனத்தை எளிதில் உணர்ந்துகொள்ளும் பிள்ளையாகவோ அமைந்துவிடுகிறது. பெற்றோரின் பொறுப்பைப் பிள்ளை சுமக்கும் இந்த நிலையைக் குடும்ப உளவியல் சிகிச்சையாளர் சால்வடார் மினுச்சினும் அவருடைய சகாக்களும் 1967-இல் விவரித்தார்கள். 1973-இல் இவான் போசோர்மெனி-நாகி, ஜெரால்டின் ஸ்பார்க் ஆகியோர் அதை இன்னும் விரிவாக எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் இச்சுமையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். தம்பி தங்கையைக் கவனிப்பது, சமைப்பது, நோயாளிக்கு மருந்து கொடுப்பது போன்றவை ஒரு வகை. பெற்றோரின் துக்கத்தைக் கேட்பது, சண்டையில் சமாதானம் பேசுவது, ஒருவரின் ரகசியத்தை மற்றவரிடமிருந்து காப்பது போன்றவை இன்னொரு வகை.

முதல் வகை கண்ணுக்குத் தெரியும். அதற்காகப் பரிதாபப்படுவோர் இருப்பார்கள், உதவவும் சிலர் முன்வருவார்கள். இரண்டாவது வகைக்குச் சாட்சியே கிடையாது. நான் சந்தித்த பலருடைய அனுபவங்களை ஒன்றாக்கி, அடையாளம் தெரியாதபடி ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். 13 வயதுச் சிறுமி. கணவரைப் பற்றிய வேதனைகளை அம்மா அவளிடம்தான் கொட்டுகிறார். தன்னை நம்பிச் சொல்கிறார் என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. ஆனால் கேட்டதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது; அப்பாவிடம் பழையபடி சிரித்துப் பேசினால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றுகிறது; பேசாமல் இருந்தாலோ அப்பா காரணம் கேட்கிறார். கதவு திறக்கும் சத்தத்திலிருந்தே வருகிறவரின் மனநிலையைக் கணிக்கப் பழகிவிட்டாள். வகுப்பில் தோழிகள் எதற்கெல்லாமோ சிரிக்கும்போது அவர்கள் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறார்கள். அவர்களில் ஒருத்தியாக இருக்க ஆசை இருந்தும் அது அவளுக்குக் கைவரவில்லை. இத்தனைக்கும் அவளுடைய மதிப்பெண்கள் குறையவில்லை என்பதால், பள்ளியிலும் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

பெரியவர்கள் இதில் ஏமாந்துபோவதற்கு வளர்ச்சி சார்ந்த ஒரு காரணமும் உண்டு. அமைதியான சூழலில், யோசிக்க நேரம் கிடைக்கும்போது, ஏறத்தாழ 16 வயதுப் பிள்ளையால் பெரியவர்களைப் போலவே தர்க்கரீதியாகச் சிந்திக்க முடியும் என்று லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பயம், கோபம், அவமானம், பிறரின் அழுத்தம் ஆகியவற்றின் நடுவில் தன்னைக் கட்டுப்படுத்தி முடிவெடுக்கும் திறன் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே முழுமை பெறுகிறது. அதற்குத் துணைபுரியும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே குடும்பக் கடனைப் பற்றித் தெளிவாகப் பேசும் பிள்ளையால், கடன்காரர் வாசலில் நின்று கத்துவதையும் தாங்க முடியும் என்று எண்ணுவது தவறு. உடல் முந்தி வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே அநீதி நடக்கிறது: உயரத்தையும் உடலமைப்பையும் பார்த்துவிட்டு உலகம் அவர்களிடம் கூடுதல் வயதை எதிர்பார்க்கிறது. சக மாணவிகளுக்கு முன்பே பூப்படையும் சிறுமிகளிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு அழுகையாகவே வெளிப்படும் என்றில்லை. எரிச்சல், உடல்வலி, சிறு தவறையும் பொறுக்க முடியாத முழுமைவேட்கை என்று அது பல வடிவங்களில் வரும். சுமை தூக்கிப் பழகிய பிள்ளைகளிடம் நான் குறிப்பாகக் கவனிப்பவை சில. ஓய்வெடுத்தால் குற்ற உணர்வு வருகிறது. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், அம்மாவுக்குப் பிடித்ததையோ தம்பிக்குப் பிடித்ததையோதான் பதிலாகச் சொல்கிறார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு கிடைக்கும் நேரம் ஒன்றே தமக்கென்று இருப்பதால், நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிறார்கள். இந்த வயதில் உடலின் உட்கடிகாரமே தூக்கத்தைத் தள்ளிப்போடும். இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிற பருவத்தில் அதில் பாதிகூடக் கிடைக்காதவர்களைப் பார்க்கிறேன். 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழில் ஒருவர் மனநலப் பாதிப்போடு வாழ்வதாகவும், மனநலப் பாதிப்புகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. இந்தக் கணக்கில் நல்ல பிள்ளைகளும் அடக்கம்.

இன்னொரு இழப்பு தாமதமாகவே தெரியவரும். யார் நான், எதை விரும்புகிறேன், எதை நம்புகிறேன் என்று தேடிப் பார்ப்பதும், ஒன்றை எடுத்துப் பிறகு கைவிடுவதும் இப்பருவத்தின் வேலை. அந்தத் தேடல் நடக்காமலே ஒரு பாத்திரத்தில் நிலைத்துவிடும் நிலையை உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் தனியாக வகைப்படுத்தினார். குடும்பத்தைத் தாங்குபவர் என்ற ஒரே பாத்திரத்தோடு முப்பது வயதைத் தொட்டு, அந்தத் தேவை தீர்ந்ததும் வெறுமையை உணர்ந்து ஆலோசனைக்கு வருவோர் குறைவில்லை.

இதனால் பிள்ளைகளுக்கு வேலையே தரக்கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாத்திரம் கழுவுவதால் எந்தப் பிள்ளையின் மனநலமும் கெடுவதில்லை. வயதுக்கேற்ற பொறுப்பு தன்னம்பிக்கையைத் தருகிறது, குறிப்பாக அந்த உழைப்பை யாராவது கவனித்து நன்றி சொல்லும்போது. நான் பார்ப்பது வேறு: முடிவெடுப்பவர் பெரியவரா, பிள்ளையா, அந்த வேலைக்கு முடிவு ஒன்று உண்டா, ஒருநாள் அதைச் செய்யத் தவறினால் வீடு தாங்குமா. வருமானம் குறைந்த வீட்டில் அதை மறைப்பதும் பயனில்லை. மறைத்தால் பிள்ளை உண்மையைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்ளும். "இந்த மாதம் பணம் குறைவு, செலவைச் சுருக்க வேண்டும், அதைச் சமாளிப்பது எங்கள் வேலை" என்று சொல்லும்போது செய்தி பிள்ளையிடம் சேர்கிறது, சுமை பெரியவரிடமே இருக்கிறது. கடைசி வாக்கியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிகிச்சையில் இச்சுமையை ஒரே நாளில் இறக்கி வைக்கச் சொல்வதில்லை. "நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி உடனே வரும், அது நியாயமான கேள்வியும்கூட. ஆகவே பெற்றோரின் துக்கத்தைக் கேட்க வயதில் மூத்த ஒருவரை, அது உடன்பிறந்தவரோ நண்பரோ ஆலோசகரோ, முதலில் ஏற்பாடு செய்கிறோம். அதன் பிறகு, "இவ்வளவு நாள் நீ பார்த்துக்கொண்டாய், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெற்றோரே தம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். முதல் சில வாரங்களில் பிள்ளை கோபப்படலாம், தன்னை யாரும் மதிப்பதில்லை என்று வருந்தலாம். இதுவரை கிடைத்த பாராட்டெல்லாம் அந்தச் சுமைக்காகவே கிடைத்தது என்பதால் அந்த வருத்தம் இயல்பானதே.

எரிச்சலோ சோர்வோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறினால், காத்திருக்காமல் மனநல நிபுணரைப் பாருங்கள். சாவைப் பற்றிய பேச்சோ தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடயமோ தெரிந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அன்றே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆனால் பொறுப்பான பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் கலங்கக் கூடாது என்பதற்காகவே எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கேட்கும்போது உங்கள் குரல் நிதானமாக இருக்கட்டும். முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், மாலையில் இன்னொரு முறை கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், பிள்ளையைத் தனியே விடாமல், மருந்துகளையும் கூரிய பொருட்களையும் கைக்கு எட்டாதபடி அகற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.