625001 பகா எண்ணா?

மதுரையில் பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில், பெற்றோரும் மாணவரும் கவனிக்க வேண்டிய ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். பெரிய எண் ஒன்று 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடவில்லை என்றதுமே, அதைப் 'பகா எண்' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். விடை சில வேளை சரியாக அமைந்துவிடுவதால் இந்தப் பழக்கம் திருத்தப்படாமலேயே வளர்கிறது.

நம் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 625001-ஐ எடுத்துக்கொள்வோம். அது 1-இல் முடிகிறது; இலக்கங்களின் கூடுதல் 14 என்பதால் 3-ஆல் வகுபடாது; 7-ஆல் வகுத்தால் 6-உம், 11-ஆல் வகுத்தால் 3-உம் மீதி வருகின்றன. பலரும் நின்றுவிடும் இடம் இதுதான். ஆனால் 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்குத்தொகை 1001 என்பது தெரிந்திருந்தால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 625-இலிருந்து 001-ஐக் கழித்து, கிடைக்கும் 624-ஐ மட்டும் சோதித்தாலே மூன்று வகுத்திகளுக்கும் ஒரே கழித்தலில் விடை கிடைத்துவிடும். 624 என்பது 13 × 48. ஆகவே 625001-உம் 13-ஆல் வகுபடும், ஈவு 48077.

இந்த 48077-தான் அதிகம் ஏமாற்றக்கூடியது. இதன் வர்க்கமூலம் 219-ஐச் சற்றே தாண்டுவதால், 219-க்கு உட்பட்ட பகா எண்கள் வரை சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மீண்டும் 13, பிறகு 17, 19, 23 என்று 127 வரை ஒவ்வொன்றும் மீதி தருகிறது. பொறுமை இழக்காதவருக்கு 131-இல் விடை கிடைக்கிறது: 131 × 367. இதற்குள் 131-க்குக் கீழுள்ள எல்லாப் பகா எண்களும் கழிந்துவிட்டதால், 367-ஐத் தனியே சோதிக்கத் தேவையில்லை; அது பகா எண்ணே.

ஆக 625001 = 13 × 131 × 367, அதாவது மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்குத்தொகையான ஒரு பகு எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 55,063 மட்டுமே, அதாவது எண்ணைவிடக் குறைவு என்பதால் இது குறைவெண். கே.கே.நகரின் 625020-க்கு அந்தக் கூடுதல் 12,86,148. கூடுதல் எண்ணைவிட அதிகம் என்பதால் அது மிகையெண். என்னை மிகவும் ஈர்ப்பது திருப்பரங்குன்றத்தின் 625005. அது 3 × 3 × 5 × 17 × 19 × 43 என்று பிரிகிறது. வகுத்திகளின் கூடுதல் 6,10,515 வரை வந்து, 14,490 குறைவால் குறைவெண்ணாகவே நின்றுவிடுகிறது. ஒற்றை எண்களில் மிகையெண்கள் அரியவை. அவற்றுள் மிகச் சிறியதே 945.

கணக்கைத் தொடங்கும் முன் எண்ணின் வர்க்கமூலத்தைத் தோராயமாகத் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு காரணி கிடைக்கும்போதெல்லாம் பழைய வர்க்கமூலத்தை அடித்துவிட்டு ஈவின் வர்க்கமூலத்தை எழுத வேண்டும். 625001-க்கு அது 790-இல் தொடங்கி, 219 ஆகி, 19-இல் முடிகிறது.