வெள்ளி விழா நாணயத்துக்கு விபூதி வேண்டாம்

மறுபடியும் ஒரு 1972 பத்து ரூபாய் வெள்ளி நாணயம் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மாதிரி பளபளத்துக்கொண்டு. இந்தியச் சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்கு வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னே கொடியோடு ஆணும் பெண்ணும். "கொஞ்சமாத்தான் தேய்ச்சோம் சார்" என்கிறார் கொண்டுவந்தவர். போதுமே!

வெள்ளி நாணயத்தில் ஏறும் கறுப்பை அழுக்கு என்று நினைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. தூசி வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. இந்தக் கறுப்போ நாணயத்தின் சொந்த வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மாறிய படலம். அதைத் தேய்த்தெடுத்தால் போவது வெள்ளிதான். குத்துவிளக்கைத் தேய்க்கிறோமே என்பார்கள். விளக்குக்குத் தேய்மானம் தாங்கும் கனம் உண்டு. நாணயத்தின் விலையோ அச்சு விழுந்த அந்த மேல்தோலில் இருக்கிறது. சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்கினால் தேய்மானம் இல்லை, சரி. ஆனால் பழைய பொலிவு திரும்பாது, மங்கலாக, திட்டுத்திட்டாக நிற்கும்.

இன்னொன்று, இது முழு வெள்ளியும் அல்ல. 22.5 கிராமில் பாதிதான் வெள்ளி. மீதியில் பெரும்பங்கு செம்பு. புளி போட்டு உரசினால் மேட்டுப் பகுதிகளில் செம்புச் சாயல் எட்டிப்பார்க்கும்.

ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றுங்கள். கை படாததில் ஒளிக்கீற்று வண்டிச்சக்கர ஆரம்போல் சுற்றி ஓடும். தேய்த்ததில் ஒளி ஓடாது. ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். விபூதியும் பற்பசையும் போடுகிற கையெழுத்து அது. 'B' எழுத்து பொறித்த ப்ரூஃப் (சேகரிப்போருக்கென்று தனி மெருகோடு அச்சிட்ட) நாணயத்தின் கண்ணாடித் தளத்தில் துணி பட்டாலே கீறல் விழும்.

விளிம்பை மட்டும் பிடியுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதில் கந்தகம் இருக்கிறது. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு படியும். அதற்கு மட்டும் சுத்தமான அசிட்டோன்: கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். அசிட்டோனுக்குப் பதில் நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

டாலராகப் போட்டுக்கொள்ள வளையம் பற்றவைக்கப் போகிறீர்களா? தயவுசெய்து அதற்கு வேறு வெள்ளி வாங்கிக்கொள்ளுங்கள்.