யூரியூப்பில் ஏற்றுவதற்கு முன்னர்

திருகோணமலையில் சுயாதீனமாகப் படம் எடுக்கும் இளைஞர்களுக்குப் போஸ்டர், முன்னோட்டம், விழா விண்ணப்பம் முதலியவற்றைச் செய்துகொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் குறும்படங்களில் பல, யூரியூப்பில் ஏறிய பின்னரே வருகின்றன என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் சொந்தக் காசைப் போட்டு உழைத்தவர்கள், படத்தொகுப்பு முடிந்த இரவே அதை ஊருக்குக் காட்டத் துடிப்பது இயல்புதான். ஆனால் இணையத்தில் வெளியான படத்தைக் கான் விழா போட்டிக்கு ஏற்பதில்லை; அங்கே குறும்படத்துக்கு 15 நிமிட எல்லையும் உண்டு. 40 நிமிடம் வரை இடமளிக்கும் ஒஸ்கார் குறும்படப் பிரிவிலும், தகுதிக்குரிய திரையிடலோ விழா விருதோ கிடைக்கும் முன்னர் இணையத்தில் பொதுவில் வெளியிட்ட படம் வாய்ப்பை இழந்துவிடும். எல்லா விழாக்களும் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல. ஆகையால் எந்தெந்த விழாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்து, அவற்றின் விதிகளை வாசித்த பிறகே யூரியூப் திகதியைக் குறியுங்கள். அதுவரை தேர்வாளர்களுக்குக் விமியோ என்ற காணொளித் தளத்தில் கடவுச்சொல் இட்ட இணைப்பு போதும்.

அடுத்தது ஸ்டில், அதாவது படத்தின் விளம்பரத்துக்கான புகைப்படம். நம்மவர்கள் மிகவும் அலட்சியம் செய்வது இதைத்தான். விழாக் கையேட்டிலும் பத்திரிகையிலும் படத்தின் முகமாக நிற்பதோ அந்த ஒரு புகைப்படம்தான். பலர் காணொளியிலிருந்து ஒரு பிரேமை, அதாவது அதன் ஒரு தனிப் படத்தை, பிடித்துத் தருகிறார்கள். நிலாவெளிக் கரையில் ஒருவர் வலை இழுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 பிரேம் வீதம் பதியும்போது, அசையும் கையும் திரும்பும் முகமும் ஒவ்வொரு பிரேமிலும் சற்றுக் கலங்கியே இருக்கும். திரையில் அது உறுத்தாது. அச்சில் கண்ணே தெரியாது. தவிர, 1920 புள்ளி அகலமுள்ள பிரேமை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் 6.4 அங்குலத்துக்கு மேல் வராது, அதை வைத்துச் சுவரொட்டி செய்யவே முடியாது. ஆகவே இயக்குநர் 'கட்' சொன்னதும் நடிகரை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி ஸ்டில் எடுப்பதற்கென்றே ஒருவரைப் படப்பிடிப்பின் முதல் நாளிலிருந்து வைத்திருங்கள். வெயில் போய்விட்டால் அந்த முகம் திரும்பக் கிடைக்காது.

விழாவில் கிடைக்கும் பெயர் தானாகவே பார்வையாளரைக் கூட்டி வருவதில்லை. 2021இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற தமிழ்ப் படமான 'கூழாங்கல்', 2023இல்தான் ஓடிடி வழியாகப் பொதுமக்களைச் சென்றடைந்தது. இடைப்பட்ட காலத்தில் படத்தைப் பற்றிய பேச்சு அணையாமல் பார்த்துக்கொள்வதும் விளம்பர வேலையே. நமக்கு அதற்கான களம் அருகிலேயே இருக்கிறது: 2015இலிருந்து யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நடந்துவருகிறது, கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, மூதூரிலும் கிண்ணியாவிலும் வாசகர் வட்டங்களையும் விளையாட்டுக் கழகங்களையும் அணுகலாம். மூவினத்தவரும் வாழும் மாவட்டம் என்பதால், ஆங்கிலத்தோடு சிங்கள சப்டைட்டிலும் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். செலவு கொஞ்சம்தான், ஆனால் கூடத்தில் பாதிப் பேர் கதை புரியாமல் எழுந்துபோகும் நிலை வராது. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை அனுமதி எடுக்கவும் நாள் ஒதுக்குங்கள்.

திரையிடல் முடிந்ததும் விரும்புவோரிடம் வட்ஸ்அப் எண்ணை வாங்கி வையுங்கள். பின்னர் யூரியூப்பில் வெளியிடும் நாளில் முதல் இணைப்பை அவர்களுக்கே அனுப்புங்கள். கூடத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதும் கருத்துகளே, படத்தைத் தற்செயலாகத் திறக்கும் புதியவரைக் கடைசிவரை பார்க்க வைக்கின்றன.