மூன்று டோஸ் போட்டும் டைட்டர் ஏறவில்லையா?

"மூணு டோஸும் தேதி தவறாமத்தான் போட்டேன் டாக்டர்" என்று தப்பு செய்துவிட்டவர் போல ரிப்போர்ட்டை நீட்டினார் எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி அது. அதற்கு ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடியின் (எதிர்ப்புப் புரதத்தின்) அளவு, அதாவது டைட்டர், 10-க்குக் கீழே. குறைந்தது 10 இருந்தால்தான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வோம்.

இப்படி யாராவது வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மருந்தைத்தான். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் இந்தத் தடுப்பூசி வீணாகிவிடும், அது நிஜம். ஆனால் அதே பெட்டியிலிருந்து போட்டுக்கொண்ட மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கிறதே! வயது நாற்பதைத் தாண்டியது, புகை, உடல் பருமன், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கையில் போடாமல் பிட்டத்தில் போட்டது என்று வேறு காரணங்களும் உண்டு. இவருக்கு எதுவுமே பொருந்தவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெரியவர்களிலேயே நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு ஏறுவதில்லை, அதில் பெரிய பங்கு பிறப்பிலேயே வருவது.

ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும், ஈஸ்டில் தயாரிக்கப்பட்டது. நம் செல்கள் அதை விழுங்கி, துண்டு துண்டாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறின் பள்ளத்தில் உட்காரவைத்து, எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. டி செல் அடையாளம் கண்டு உதவினால்தான் ஆன்டிபாடி சரியாக உருவாகும். பணியாரக் கல்லின் குழி மாதிரிதான், ஆனால் குழியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுக்களில் அப்பாவிடமிருந்து ஒரு செட், அம்மாவிடமிருந்து ஒரு செட் வருகிறது. துண்டு குழியில் பொருந்த வேண்டும், பொருந்தியதைக் கண்டுகொள்ளும் டி செல்லும் இருக்க வேண்டும், எங்கே இடறினாலும் டைட்டர் ஏறாது. இந்த எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒன்றான டிஆர்பி1-ல் 03, 07 என்ற வகைகள் உள்ளவர்களிடம் இப்படி ஏறாமல் போவது அதிகம் (அதிகம் என்றுதான் சொல்கிறேன், அந்த வகை இருந்தாலே ஏறாது என்றில்லை). காம்பியாவில் இரட்டைக் குழந்தைகளிடம் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், இந்தத் தடுப்பூசிக்கு வந்த ஆன்டிபாடி அளவின் வேறுபாட்டில் 77 சதவீதம் பரம்பரையால் என்று கணக்கிட்டார்கள்.

"அப்போ எனக்கு எதிர்ப்புச் சக்தியே கம்மியா டாக்டர்?" இல்லை சிஸ்டர். இந்த ஒரு புரதத்துக்குத்தான் தடுமாற்றம், டெட்டனஸுக்கோ தட்டம்மைக்கோ உங்கள் உடம்பு நன்றாகவே பதில் சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை. 1960களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் தேடிக்கொண்டிருந்ததே ரத்தப் புரதங்களில் பரம்பரையாக வரும் வித்தியாசங்களைத்தான். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கிடைத்த விசித்திரப் புரதத்தைப் பரம்பரைப் பண்பு என்றுகூட நினைத்தார்கள். கடைசியில் அது இந்த வைரஸின் மேலுறை. 1976-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

மரபணுவை மாற்ற முடியாதுதான், ஆனால் ஊசியைப் பலப்படுத்தலாம். வழக்கமான ஊசியில் எதிர்ப்பைத் தூண்டிவிட அலுமினிய உப்பு சேர்ப்பார்கள். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெப்லிசாவ் என்ற ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் அதற்குப் பதிலாக, பாக்டீரியாவின் டி.என்.ஏ. போலத் தோன்றி எதிர்ப்பு செல்களை உசுப்பிவிடும் ஒரு துணுக்கு இருக்கிறது. இரண்டே டோஸில் கூடுதல் பேருக்கு ஏறுகிறது.

சரி, மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது டோஸ் போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் டைட்டர் பாருங்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்கள் நிறையப் பேர். ஒருமுறை 10-ஐத் தாண்டியவருக்கு அளவு பின்னால் இறங்கினாலும் உடம்பின் நினைவு இருக்கும். முதலிலேயே ஏறவில்லை என்றால் இன்னொரு முழு கோர்ஸ் போடுங்கள், பலருக்கு அதில் ஏறிவிடும். அதற்கும் ஏறாவிட்டால் ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'ஏறாதவர்' என்று உங்கள் ஃபைலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு இல்லாதவருக்கு, வைரஸ் அதிகமுள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும், எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம்தான். அந்த நேரத்தில் 'ஏறாதவருக்கு' உடனே இம்யூனோகுளோபுலின் (தயாராக இருக்கும் ஆன்டிபாடி ஊசி), ஒரு மாதம் கழித்து இன்னொன்று. ஃபைலில் இல்லாவிட்டால் ராத்திரி டியூட்டி டாக்டருக்கு இது எப்படித் தெரியும்?

நான்காவது டோஸ் போட்டுக்கொண்டு கிளம்பும்போது சிஸ்டர் கேட்டார், "என் தம்பியும் நர்சிங் படிக்கிறான் டாக்டர், அவனுக்கும் இப்படித்தானா?" கூடப் பிறந்தவர்களுக்குள் அந்த எச்.எல்.ஏ. மரபணுக்களின் இரண்டு செட்டும் அப்படியே ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. அவனையும் டைட்டர் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.