மூலைக்கு மூலை ஐம்பது அடி

சென்னைப் புறநகரில் மனை தேடி அலைந்தவர்களுக்கு அரை கிரவுண்டு என்றால் விளக்கம் தேவையில்லை. 1,200 சதுர அடி. பெரும்பாலும் 30க்கு 40. மேடவாக்கத்தில் எங்கள் பக்கத்து மனையும் அப்படித்தான். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் மேஸ்திரி நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டினார். பக்கங்களை அளந்தார். அப்புறம் கையாள் பையனிடம் டேப்பின் நுனியைக் கொடுத்து, "எதிர் மூலைக்குப் போடா தம்பி" என்றார். ஐம்பது அடி மூன்று அங்குலம் வந்தது. இரண்டு முளைகளைக் கொஞ்சம் நகர்த்தி அடித்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் அளந்தார். இந்த முறை ஐம்பது.

"ஏன் மேஸ்திரி ஐம்பது வரணும்?"

"முப்பதுக்கு நாற்பதுன்னா ஐம்பதுதான் சார். அப்பதான் மூலை மட்டம் நிக்கும்."

மூலை மட்டம் என்று அவர் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் செங்கோணம் என்கிறோம். 30-இன் வர்க்கம் 900, 40-இன் வர்க்கம் 1,600, கூட்டினால் 2,500. அது 50-இன் வர்க்கம். செங்கோண முக்கோணத்தில் இரண்டு சிறிய பக்கங்களின் மேல் வரையும் சதுரங்களின் பரப்பைக் கூட்டினால் கர்ணத்தின் மேல் வரையும் சதுரத்தின் பரப்பு வரும். பிதாகரஸ் தேற்றம். பத்தாம் வகுப்பில் பரீட்சைக்கு "வரும்" என்று குறித்துக் கொடுத்ததால் நான் மனப்பாடம் செய்தது. நிரூபணத்தின் ஏதோ ஒரு வரியில் "எனவே" என்று வரும். எதனால் எனவே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சோதித்துப் பார்த்தால் சரியாக வருகிறதே, நிரூபணம் எதற்கு என்று கேட்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுற்றி வரும் ஒரு சூத்திரம் இதற்கு நல்ல பதில். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கு, ஒரு கூறைத் தள்ளு, மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், வருவதுதான் கர்ணம். வர்க்கமூலமே வேண்டாம்! போட்டுப் பார்ப்போம். 40-இல் எட்டில் ஒரு பங்கு போனால் 35, அதோடு 30-இல் பாதி 15, மொத்தம் 50. சரி, இன்னொன்று: 12, 5. பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி.

இனி 20 அடிக்கு 20 அடி ஹாலுக்குப் போடுங்கள். 17.5 கூட்டல் 10, அதாவது 27.5. உண்மையில் இருக்க வேண்டியது 28.28 அடி. ஒன்பது அங்குலத்துக்கு மேல் உதைக்கிறது. முழுச் செங்கல் ஒன்றின் நீளம். உட்கார்ந்து இருபடிச் சமன்பாடாக எழுதித் தீர்த்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. இந்தச் சூத்திரம் துல்லியமாக விடை தருவது இரண்டே இரண்டு வடிவங்களுக்கு: பக்கங்கள் 3-க்கு 4 ஆக இருக்கும்போதும், 5-க்கு 12 ஆக இருக்கும்போதும். நம் கை முதலில் எடுக்கும் அதே இரண்டு உதாரணங்கள்! சூத்திரத்தை நான் குறை சொல்லவில்லை. வர்க்கமூலம் போடாமல் தோராயம் பிடிக்கக் கெட்டிக்கார வழி. ஆனால் உதாரணங்களை மட்டும் நம்பினால் இப்படியும் ஏமாறலாம்.

பிதாகரஸ் தேற்றத்தை முதலில் கண்டவர் யார் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பிதாகரஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளில் இந்த எண்கள் இருக்கின்றன. கயிறு பிடித்து வேள்வி மேடை அளந்தவர்களுக்கான போதாயனரின் சுல்ப சூத்திரத்திலும் இந்த விதி இருக்கிறது. எனக்குப் பிடித்தது நிரூபணம்தான், அதிலும் வெட்டி ஒட்டும் நிரூபணம்.

பழைய காலண்டர் அட்டையிலிருந்து ஒரே அளவில் நாலு செங்கோண முக்கோணங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பக்கங்கள் 3, 4, 5 அங்குலம். ஒரு தாளில் ஏழு அங்குலச் சதுரம் வரையுங்கள். மூன்றும் நாலும் சேர்ந்து ஏழு. சதுரத்தின் நாலு மூலைகளிலும் முக்கோணங்களின் செங்கோண மூலைகளைப் பொருத்துங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு முக்கோணத்தின் 3 முடியும் இடத்தில் அடுத்ததன் 4 தொடங்க வேண்டும். நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று காலியாக நிற்கும். அதன் பக்கம் 5, அதாவது கர்ணம்.

இப்போது முக்கோணங்களை நகர்த்துங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3-க்கு 4 செவ்வகம் இரண்டு கிடைக்கும். அவற்றைச் சதுரத்துக்குள் எதிரெதிர் மூலைகளில், ஒன்றைப் படுக்க வைத்தும் மற்றொன்றை நிறுத்தியும் வையுங்கள். காலி இடம் இப்போது இரண்டு சதுரங்களாகப் பிரிந்திருக்கும்: ஒன்றின் பக்கம் 3, மற்றதன் பக்கம் 4. பெரிய சதுரமும் மாறவில்லை, அட்டைத் துண்டுகளும் மாறவில்லை. அப்படியானால் காலி இடமும் மாறியிருக்க முடியாது. முன்பு 25, இப்போது 9-உம் 16-உம். முக்கியமான விஷயம், 3, 4 என்ற எண்களை நாம் வசதிக்காகத்தான் எடுத்தோம். வேறு எந்தச் செங்கோண முக்கோணத்தை வெட்டினாலும் ஒரு படி கூடப் பிசகாது.

ஒரு படியைக் கண் சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டதைக் கவனித்தீர்களா? நடுவில் இருந்த சாய்ந்த கட்டம் சதுரம்தான் என்று எப்படித் தெரியும்? நாலு பக்கமும் சமம் என்பது போதாது. நசுங்கிய சாய்சதுரத்துக்கும் அது உண்டு. படம் ஏமாற்றும். 8-க்கு 8 சதுரத்தை நாலு துண்டாக வெட்டி 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கி, 64-ஐ 65 ஆக்கிக் காட்டும் வித்தை பிரபலம். நடுவில் மெல்லிய கீற்றாக ஒரு சதுர அலகு இடைவெளி இருக்கும், கண்ணுக்குப் படாது. அதனால் சாய்ந்த கட்டத்தின் ஒரு மூலையைப் பார்ப்போம். அது பெரிய சதுரத்தின் ஓரத்தைத் தொடும் இடத்தில் மூன்று கோணங்கள் சேர்ந்து நேர்கோடாக, 180 டிகிரியாக நிற்கின்றன. அதில் இரண்டு, முக்கோணத்தின் இரண்டு கூர்மையான கோணங்கள். முக்கோணத்தின் மொத்தம் 180. செங்கோணம் போனால் அந்த இரண்டும் சேர்ந்து 90. மீதி, கட்டத்தின் மூலைக்கு, 90. நாலு மூலைக்கும் இதே கதை. சதுரம்தான்.

முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 என்பது தட்டையான தளத்தில்தான் நிற்கும். பூமி உருண்டை, அதன் மேல் போடும் முக்கோணத்தில் மொத்தம் 180-ஐத் துளி தாண்டும். 1802-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கக் கிளம்பியபோது, 180-க்கு மேல் வரும் அந்தத் துளியைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பான 426 சதுர கிலோமீட்டருக்கு ஒரு முக்கோணம் போட்டால் அந்தத் துளி ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி அதில் சுமார் இரண்டு பங்கு. அரை கிரவுண்டுக்குக் கவலையில்லை.

மேஸ்திரியிடம் திரும்புவோம். அவர் செய்தது உண்மையில் பிதாகரஸ் தேற்றம் இல்லை. தேற்றம், மூலை செங்கோணம் என்று தெரிந்தால் கர்ணத்தைச் சொல்லும். அவர் கர்ணத்தை அளந்து மூலையைத் தெரிந்துகொள்கிறார். இது மறுதலை, யூக்ளிட் இதைத் தனியாக, தேற்றத்துக்கு அடுத்ததாக நிரூபித்திருக்கிறார். நிரூபணம் சின்னது. வேறொரு இடத்தில் 30, 40 பக்கங்களை அப்பழுக்கில்லாத செங்கோணத்தில் வைத்து ஒரு முக்கோணம் வரையுங்கள். தேற்றப்படி அதன் கர்ணம் 50. இப்போது அதற்கும் மேஸ்திரியின் முக்கோணத்துக்கும் மூன்று பக்கமும் சமம். மூன்று பக்கமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம். அப்படியானால் அவர் மூலையும் செங்கோணம்.

"இன்னொரு மூலைக்கும் டேப் பிடிக்கலையா?" என்று கேட்டேன். நாலு பக்கமும் அளந்தாயிற்று, ஒரு குறுக்கும் ஐம்பது. மனை இரண்டு 30-40-50 முக்கோணங்களாகப் பிரிந்து கிடந்தது. நூலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பிடிக்கலாம் சார். ஆனா அதுவும் ஐம்பது வந்துதானே ஆகணும்."