சனி, ஞாயிறில் வெல்டிங் தொடங்கும் தம்பிமாருக்கு

போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. என்னிடம் ஆறு மாதம் வேலை பழகிய பெடியன் ஒருவனின் அம்மா. "மாஸ்டர், இவனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. டெங்கோ தெரியேல்லை. பால் குடுத்துப் பாத்திட்டன், நடுக்கம் நிக்குதில்லை."

பால் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. "இன்றைக்கு ஜீஐ பைப் ஒட்டினவனா?" என்று கேட்டேன். ஒட்டியிருக்கிறான். ஜீஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. வார நாட்களில் அலுவலக வேலை, சனி ஞாயிறில் வீட்டுக் கொட்டிலில் கேற் வேலை. அன்றைக்குத் தூறல் என்பதால் மூன்று பக்கமும் படங்கை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே இருந்து பகல் முழுக்க ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் ஒரு போத்தல் பால். அதைக் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்று யாரோ சொன்னார்களாம்.

இந்த வருடம் எனக்குத் தெரிந்து இது நாலாவது ஆள். நாலு பேரும் பகுதிநேரமாகத் தொடங்கியவர்கள். இருபத்தாறு வருடம் பட்டறை வைத்திருக்கிறேன், பெடியளுக்கு வேலையும் பழக்குகிறேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

முதலில் இந்தப் பால் கதையை முடித்துவிடுவோம்.

திருகோணமலையில் கடல் காற்றுக்குச் சாதாரண இரும்பு நிற்காது. உவர்மலை, திருக்கடலூர், நிலாவெளி என்று எங்கே கேற் கேட்டாலும் "ஜீஐயில் செய்து தாங்கோ" என்றுதான் சொல்வார்கள். அது நியாயம். ஆனால் ஜீஐ பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1500 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதாவது, நீங்கள் இரும்பை உருக்கி ஒட்டுவதற்கு முன்பே பூச்சு புகையாக எழும்பிவிடும். அந்த வெள்ளைப் புகை, கொட்டிலில் பஞ்சு மாதிரி மிதக்கும் வெள்ளைத் தூள் எல்லாம் அதுதான். அது நேரே நெஞ்சுக்குள் போகிறது. நீங்கள் குடிக்கும் பால் எங்கே போகிறது? வயிற்றுக்குள். நுரையீரலுக்குப் போகும் குழாய் வேறு, வயிற்றுக்குப் போகும் குழாய் வேறு. பால் ஒரு நாளும் புகையைச் சந்திப்பதில்லை. வேலைக்கு முன் குடித்தாலும் அதேதான், பின் குடித்தாலும் அதேதான், ஒரு லீற்றர் குடித்தாலும் அதேதான்.

"எனக்குப் பாலில் சுகம் வந்ததே" என்று சொல்பவர்களோடு எத்தனை முறை வாதாடியிருப்பேன்! இந்தப் புகையால் வரும் துத்தநாகக் காய்ச்சல் வேலை முடிந்து சில மணித்தியாலம் கழித்து, பெரும்பாலும் இரவில்தான் வரும். வாயில் செம்பு நக்கியது போல ஒரு ருசி, தாகம், வறட்டு இருமல், பிறகு குளிர், நடுக்கம், உடம்பு உளைவு. ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு நாளில் தானாகவே விட்டுவிடும். பால் குடித்தவனுக்கும் விடும், வெறும் தண்ணீர் குடித்தவனுக்கும் விடும். ஆனால் பால் குடித்தவன் மட்டும் பாலுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கிழமை இரண்டு மடங்கு புகையில் போய் இருக்கிறான். பால் உடம்புக்கு நல்லதுதான், குடியுங்கள். அதைக் காவலாக நினைத்து மூடிய கொட்டிலுக்குள் உட்காருவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பகுதிநேரக்காரர் யாருக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. தினமும் இந்தப் புகையில் நிற்பவனுக்கு உடம்பு சில நாளில் ஓரளவு பழகிக் காய்ச்சல் குறைந்துவிடும். இரண்டு நாள் விடுமுறை எடுத்தால் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் முழுநேரக்காரருக்குத் திங்கட்கிழமையில் காய்ச்சல் வரும். சனி ஞாயிறில் மட்டும் ஒட்டுகிறவனுக்கு ஒவ்வொரு கிழமையும் முதல் நாள்தான். உடம்பு பழகுவது நல்லது என்று நான் சொல்லவில்லை, பழகியவனின் நெஞ்சுக்குள்ளும் அதே புகைதான் போகிறது. "கொஞ்ச நேர வேலைதானே, எனக்கு என்ன ஆகும்" என்ற கணக்கு பிழை என்றுதான் சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது? ஒட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது பூச்சைச் சுரண்டி எடுங்கள், பூச்சு முழுவதும் போய் வெறும் இரும்பு தெரியும்வரை. சுரண்டும்போதும் முகக்கவசம் வேண்டும். பைப்பின் உட்பக்கப் பூச்சை எடுக்க முடியாது, அதனால் புகை முழுவதும் நிற்காது. ஆகவே வெளியில் வைத்து ஒட்டுங்கள். காற்று உங்கள் பக்கவாட்டில் வர நில்லுங்கள். குனிந்து புகைக்கு மேல் தலையை வைக்காதீர்கள். துணியைக் கட்டுவதும் ஆஸ்பத்திரி நீல மாஸ்க்கும் இதற்கு உதவாது. ஆகக் குறைந்தது என்95 தரத்து மாஸ்க், முகத்தில் இறுகப் பிடிக்கவேண்டும். ஒட்டி முடிந்ததும் சுரண்டிய இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ற் அடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாரியிலேயே அந்த மூட்டுத் துருப்பிடித்து உங்கள் பெயர்தான் கெடும்.

இரண்டு நாளுக்கு மேலும் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, அதற்கு முன்பே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு இறுகினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். என்ன இரும்பை ஒட்டினீர்கள் என்று டொக்டரிடம் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. நம் ஊரில் டெங்கும் இருப்பதால் இரத்தம் சோதித்துப் பாருங்கள், அதுவரைக்கும் பரசிற்றமோல் தவிர வேறு நோவுக் குளிசை போடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய கப்பல், விமானச் சாமான்களில் சிலவற்றுக்குக் கட்மியம் பூசியிருப்பார்கள். அதன் புகையும் முதலில் இதே காய்ச்சல் மாதிரித்தான் காட்டும். ஆனால் அது ஆளைக் கொல்லும். என்ன பூச்சு என்று தெரியாத பழைய போல்ட்டையும் தகட்டையும் சூடாக்கவே வேண்டாம்.

அடுத்தது கிரைண்டர். அந்தப் பெடியனின் கொட்டிலுக்கு மறுநாள் போய்ப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. நாலரை அங்குல கிரைண்டரின் காவல் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதில் ஏழு அங்குல டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தான். பெரிய டிஸ்க் என்றால் ஆழமாக வெட்டுமாம். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். ஏழு அங்குல டிஸ்க்கின் மேலேயே 8,500க்கு மேல் சுற்றாதே என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பூட்டில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றர் வேகத்தில் போகும். உடைந்தால் துண்டு அதே வேகத்தில் உங்கள் கழுத்துக்கு வரும். கையால் தடுக்க நேரம் இராது. மரம் அரியும் பல் டிஸ்க்கைப் பூட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன், செய்யாதீர்கள். பல் மாட்டினால் கிரைண்டர் துள்ளித் தொடைக்கோ முகத்துக்கோ வரும்.

டிஸ்க்கின் நடு வளையத்தில் ஒரு மாதமும் வருடமும் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது காலாவதித் திகதி, செய்து மூன்று வருடம். அதிலுள்ள பசை ஈரத்தை இழுத்து வலு இழக்கும். நம் ஊர்க் கடற்கரை ஈரத்தில் கொட்டிலில் மூலையில் கிடந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் வெட்டு டிஸ்க்கின் பக்கத்தால் தேய்க்காதீர்கள், தேய்ப்பதற்குத் தடித்த டிஸ்க் வேறாக விற்கிறது. சாரத்தோடும் பாட்டாவோடும் கிரைண்டரைத் தொடக்கூடாது. வீட்டில் செய்யும் வேலை என்பதால்தான் இந்தப் பழக்கம் வருகிறது. பருத்திக் காற்சட்டை, மூடிய சப்பாத்து. நைலோன் ஜேர்சி வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

கண்ணைப் பற்றி நீட்டமாக எழுதவேண்டிய தேவை இல்லை என்று நினைத்தேன், ஆனாலும் எழுதுகிறேன். "ஒரு புள்ளிதானே, கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறேன்" என்று வைக்கும் ஒவ்வொரு புள்ளி ஒட்டின் வெளிச்சமும் கண்ணைச் சுட்டுக் கணக்கில் சேரும். இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல இருக்கும்போது உருளைக்கிழங்கு வெட்டி வைக்கிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி வெல்டிங்குக்குக் காணாது, 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி போட்ட கவசம் வேண்டும். கண்ணில் இரும்புத் துகள் ஏறினால் கூட்டாளி ஒருவன் தீக்குச்சியால் எடுத்துவிடுவான், பட்டறைகளில் காலங்காலமாக நடப்பது. எடுத்த மாதிரித் தெரியும். உள்ளே மிஞ்சியது ஒரு நாளுக்குள் துருப்பிடித்துக் கருவிழியில் வளையம் போடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குப் போங்கள். வேலைக்கு வரும் உதவியாளருக்கும், எட்டிப் பார்க்க வரும் உங்கள் பிள்ளைக்கும் கண் இருக்கிறது. மறைப்புப் படங்கு ஒன்றைக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள், புகைக்கு வழிவிட்டு.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம். வீட்டு இணைப்பில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ட்ரிப் சுவிட்ச்சை விழுத்துகிறது என்று அதைத் தாண்டிக் கம்பி இழுக்கிறீர்கள். அந்தச் சுவிட்ச் விழுவது உங்களுக்கு ஏதோ சொல்கிறது: சுமை கூடிவிட்டது, அல்லது எங்கோ கசிவு. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்து, நிலத்தொடுப்புச் சரியா என்று பாருங்கள். மார்கழி மழையில் ஈர நிலத்தில் நின்று மெஷினைத் தொடும்போது மின் கசிந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தச் சுவிட்ச்தான்.

பழைய இரும்பு வாங்கி வெட்ட நினைப்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். இது திருகோணமலை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர், 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் சண்டை நடந்த மாவட்டம். இரும்புக் குவியலில் குழாய் மாதிரி, மூடியோடு, துருப்பிடித்து என்ன கிடந்தாலும், என்னவென்று தெரியாவிட்டால் தட்டாதீர்கள், தூக்காதீர்கள், டிஸ்க் வைக்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு 119க்கு அறிவியுங்கள். அதேபோல பெற்றோலோ மண்ணெண்ணெயோ இருந்த பீப்பா, படகின் எண்ணெய்த் தாங்கி. வெறுமையானது என்று கொண்டுவருவார்கள். எண்ணெய் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், நிறைந்த பீப்பாவைவிட வெறும் பீப்பாதான் வெடிக்கும். என் பட்டறையில் அதை நான் எடுப்பதில்லை. கூலி எவ்வளவு தந்தாலும் நீங்களும் எடுக்காதீர்கள். கச்சான் காற்று நாட்களில் பொறி பத்து மீற்றருக்கும் போகும். பக்கத்து வளவுக் கிடுகு வேலியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு வாளி மண்ணை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வேலை முடிந்து அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பெடியன் சொன்னது ஒன்று: "மாஸ்டர், அதுக்கெல்லாம் இந்தக் கேற்றில் காசு இல்லை." கோபம் வந்தது. பிறகு அவன் எழுதிக் கொடுத்த விலைக் கடதாசியை வாங்கிப் பார்த்தேன். பொக்ஸ் பார் (சதுரக் குழாய்), பைப், தகடு, ரொட், அவ்வளவுதான். டிஸ்க் இல்லை, மின் கட்டணம் இல்லை, ஓட்டோக் கூலி இல்லை, பெயின்ற் பாதி, அவனுடைய இரண்டு நாள் கூலி மற்றக் கடைக்காரன் கேட்டதில் மூன்றில் ஒன்று. பகுதிநேரம் என்பதால் குறைத்தானாம். அந்த விலைக்கு முடிக்கவேண்டுமென்றால் ஒரே ஞாயிறில் முடித்தாகவேண்டும். அதனால்தான் மழைக்குள் படங்கு கட்டினான், அதனால்தான் பூச்சைச் சுரண்டவில்லை, அதனால்தான் மாஸ்க் வாங்கவில்லை. காய்ச்சல் அந்தக் கடதாசியிலேயே தொடங்கிவிட்டது.

தம்பிமாரே, விலை எழுதும்போது மாஸ்க்கையும் கண்ணாடியையும் டிஸ்க்கையும் பொருள் வரிசையில் எழுதுங்கள். பூச்சுச் சுரண்டும் நேரத்தையும் மழை நாள் ஒன்றையும் கூட்டுங்கள். பொக்ஸ் பாரை நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். ஓர் அங்குலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, இருபது அடி நீளம் என்றால் ஐந்தரைக் கிலோ அளவில் வரவேண்டும். நாலரை நின்றால் உங்களுக்குத் தந்தது மெல்லிய தகடு, அதை ஓட்டை விழாமல் ஒட்டவே உங்கள் பொழுது போய்விடும். வெளிச்சம் போனபின் வெட்டாதீர்கள், பகல் வேலை முடித்து வந்த கை களைத்த கை. பிரதேச செயலகத்தில் தொழில் பெயரைப் பதிந்து, உள்ளூராட்சி சபையில் அனுமதியையும் கேளுங்கள். கை வேலை தெரிந்தவர்கள் என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் எடுத்து வைத்தால் பெரிய வேலைகளுக்கு உதவும். ஓர் உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்தால் அவனுக்கு அடிபடும்போது நட்டஈடு உங்கள் பொறுப்பு, 1934ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. தங்கையின் மகன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெடியனுக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது, டெங்கு இல்லை. வீட்டுக்காரரோடு நானே கதைத்தேன், இன்னொரு கிழமை தருவதாகச் சொன்னார், விலையையும் கொஞ்சம் கூட்டித் தந்தார். கேற்றின் மிச்சப் பாதி இப்போது என் பட்டறை முற்றத்தில் கிடக்கிறது. சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் வந்து பூச்சைச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். கிரைண்டருக்குக் காவல் தகட்டைப் பூட்டிக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் படலையிலிருந்தே திருப்பி அனுப்புவேன்.